கண்ணாடிக் கட்டடத்தை மட்டும் காட்டி அனுப்பாதீர்கள்

பள்ளிப் பிள்ளைகள் விமான நிலையத்தைப் பார்வையிட்டார்கள் என்று பத்திரிகையில் படம் வந்தால், அவர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் முனையத்தின் முகப்பில் நிற்பார்கள். பின்னால் கண்ணாடிச் சுவர், நடுவில் நிலைய அதிகாரி, ஓரத்தில் தலைமை ஆசிரியர். சில படங்களில் சுவரோவியத்தின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். திருச்சியில் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தில் அப்படிப்பட்ட ஓவியங்களுக்கும் கோபுர வேலைப்பாட்டுக்கும் குறைவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் நான் அந்தப் படங்களில் தேடுவது தீயணைப்பு வண்டியை. அதன் பக்கத்தில் நின்று எடுத்த படம் என்றால் பிள்ளைகள் ஓடுபாதைப் பக்கம் போயிருக்கிறார்கள், எதையோ உருப்படியாகப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அப்படி ஒரு படம் கண்ணில் படுவது அபூர்வம்.

தெற்கே ஒரு விமான நிலையத்தின் வானிலை அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்களை நிலையத்தில் 'மெட்' என்பார்கள். பயணிகள் எங்களைப் பார்த்திருக்க வழியில்லை. காற்று எந்தத் திசையிலிருந்து எத்தனை நாட் வேகத்தில் அடிக்கிறது, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, மேகத்தின் அடிப்பாகம் எத்தனை அடி உயரத்தில், வெப்பம் எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் சுருக்கெழுத்தாக ஒரு வரியில் எழுதி அரை மணிக்கு ஒரு தரம் அனுப்புவது எங்கள் பிழைப்பு. அதில் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் விமானியின் முன்னால் இருக்கும் உயரமானி முப்பது அடிக்குப் பக்கமாகப் பிசகும். தரையை நெருங்கும் விமானத்துக்கு முப்பது அடி என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பள்ளிகளிலிருந்து குழுக்கள் வந்தால், எல்லாம் காட்டி முடித்தபின் நேரம் மிச்சமிருந்தால் எங்கள் அறைக்கு அனுப்புவார்கள். அல்லது வெளியே மழை பிடித்துக்கொண்டால் அனுப்புவார்கள். இரண்டாவது காரணம்தான் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது. அப்படி வந்த பிள்ளைகளோடு பேசியதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உருவாகிவிட்டது. விமான நிலையத்தில் பயணிகள் நடக்கும் பகுதி பிள்ளைகளுக்குக் காட்டத் தேவையே இல்லாத பகுதி. அங்கே இருப்பது கடை, நகரும் படிக்கட்டு, வரிசை, குளிர்சாதனம். இவை மாவட்டத் தலைநகரின் பெரிய ஜவுளிக்கடையிலேயே உண்டு. விமான நிலையம் என்று ஒன்று ஏன் இருக்கிறதோ அந்த வேலை முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. பள்ளிக்கூடத்தையும் அங்கேதான் கொண்டுபோக வேண்டும்.

இப்போதைய வழக்கம் எனக்கு மனப்பாடம். பத்து மணிக்கு வேன் வரும். பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பதில் அரை மணி. முனையத்தின் உள்ளே செக்-இன் கவுண்டர் காட்டப்படும். எக்ஸ்ரே பெட்டிக்குள் ஒரு புத்தகப்பை போய் வரும். "நல்லாப் படிச்சா நீங்களும் ஒருநாள் இதுல பறக்கலாம்" என்று ஓர் அதிகாரி பேசுவார். கண்ணாடி வழியாக ஒரு விமானம் நிற்பதைப் பார்ப்பார்கள். பழச்சாறு பாக்கெட், படம், வேன். பன்னிரண்டரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்குத் திரும்பியாக வேண்டுமே.

அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லாத விஷயம் ஒன்று உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு விமானம் புதுமை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்த ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். வழியனுப்ப வேன் வைத்துக்கொண்டு வந்து, வாசல் கம்பிக்கு வெளியே இரவு முழுக்க உட்கார்ந்திருந்த அனுபவம் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. எந்தக் கம்பெனி விமானம் எத்தனை கிலோ சுமை விடும், பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினால் பெல்ட்டில் என்ன ஆகும், கஸ்டம்ஸ்காரர் எதைப் பார்த்தால் கூப்பிடுவார் என்பதெல்லாம் ஏழாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதது, அந்த விமானம் எப்படிக் கிளம்புகிறது, யார் கிளப்புகிறார்கள் என்பது.

ஒருமுறை கிராமத்து நடுநிலைப்பள்ளி ஒன்று வந்தது. அழைத்து வந்த ஆசிரியை முன்கூட்டியே கடிதத்தில் 'வானிலை அலுவலகமும் பார்க்க வேண்டும்' என்று குறிப்பிட்டிருந்தார். கேட்டு வந்தவர்கள் என்பதால் எங்களுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு பையன், "சார், உங்க கடிகாரம் தப்பாக் காட்டுது" என்றான். மணி பதினொன்று ஐந்து. சுவரில் ஐந்து முப்பத்தைந்து. அது உலகம் முழுக்க விமானக்காரர்கள் வைத்துக்கொள்ளும் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும் என்றேன். "அப்ப ஷார்ஜாலயும் இதே மணிதானா?" என்று இன்னொருவன் கேட்டான். ஷார்ஜா விமான நிலையத்து வானிலை அலுவலகத்திலும் இந்த நிமிடம் ஐந்து முப்பத்தைந்துதான் என்றேன். நம்பவில்லை. ஆசிரியை பூகோள உருண்டையும் டார்ச்சும் இல்லாமலே தீர்க்கரேகைப் பாடத்தை அங்கேயே நடத்தி முடித்தார்.

பிறகு வெளியே கருவித் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். வெள்ளையடித்த, பலகைகளுக்கு இடையில் காற்றுப் புகும் மரப்பெட்டிக்குள் வெப்பமானிகள் இருக்கும். "நீங்க டிவில சொல்ற நாப்பது டிகிரி இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம், நிழலில் எடுப்பது என்றேன். "அப்ப வெயில்ல கம்பி கட்டுற எங்க மாமாவுக்கு எவ்வளவு?" அந்தக் கேள்விக்கு வானிலைத் துறையிடம் நேரான பதில் கிடையாது. இல்லை என்பதை அவளிடம் சொன்னேன்.

ஓடுபாதையின் முனையில் எண் எழுதியிருப்பதைக் காட்டினேன். திருச்சியிலும் மதுரையிலும் அது ஒரு முனையில் 09, மறுமுனையில் 27. வடக்கிலிருந்து வலமாக அளந்தால் கிழக்கு தொண்ணூறு பாகை, மேற்கு இருநூற்றெழுபது. கடைசிச் சுழியை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். சென்னையில் இரண்டு ஓடுபாதைகள், 07-25 ஒன்று, 12-30 மற்றொன்று. எண்ணைப் பார்த்து அது எந்தத் திசையில் கிடக்கிறது என்று வரையச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளை வரைந்துவிடும். கோணமானிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான உதாரணம் வேறு எங்கே கிடைக்கும்?

எந்த முனையில் இறங்குவது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். ஏன் என்று நான் தொடங்குமுன் பின்வரிசைப் பையன் ஒருவன், "பட்டம் விடுற மாதிரி, காத்துக்கு எதுத்தாப்புல ஓடுனாத்தான் ஏறும்" என்றான். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? இறக்கையைத் தூக்குவது அதன் மேல் ஓடும் காற்று. எதிர்க்காற்று இருபது நாட் வீசினால் அந்த இருபது விமானத்துக்கு இனாம். அதனால் ஆடி மாதம் மேல்காற்று அடிக்கும்போது விமானம் மேற்கு நோக்கி இறங்கும், கிழக்கே இருக்கும் ஊர்களின் தலைக்கு மேல் தாழ்வாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் மேற்கே உள்ள ஊர்களுக்கு அந்தச் சத்தம் மாறும். "ஆமா சார், தீபாவளிக்கு அப்புறம் எங்க ஊருக்கு மேல வரும்" என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள். பருவக்காற்றைப் புத்தகத்தில் அம்புக்குறியாகப் படித்தவர்கள் அதைத் தங்கள் ஓட்டு வீட்டுக்கு மேலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அன்று வந்த கேள்விகளில் என்னைத் திணறடித்தது ஷார்ஜாவில் தகப்பன் இருக்கும் சிறுமியின் கேள்வி. "எங்கப்பா வர்ற ராத்திரி இங்க மழை ஊத்துனா எங்க எறக்குவீங்க?" ஒவ்வொரு விமானமும் கிளம்பும்போதே மாற்று நிலையம் ஒன்றைக் குறித்துக்கொண்டு, அங்கே போய்ச் சேரவும் அதற்குப் பின் கொஞ்ச நேரம் வட்டமடிக்கவும் வேண்டிய எரிபொருளோடுதான் புறப்படும். சென்னையோ பெங்களூருவோ கொச்சியோ என்றேன். "பெங்களூர்ல எறக்கிட்டா அங்கேருந்து பஸ்ஸுக்குக் காசு யாரு குடுப்பா?" என்றாள். பெரும்பாலும் மழை விட்டதும் அதே விமானம் திரும்பி வந்துவிடும் என்று சொல்லிச் சமாளித்தேன். விமானக் கம்பெனிக்காரர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அவளை அவரிடம் கோத்துவிட்டிருப்பேன்.

இப்படிப்பட்ட கேள்வி செக்-இன் கவுண்டரின் முன்னால் பிறக்காது. அங்கே பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பேசாமல் நிற்பார்கள். தரை பளபளப்பாக இருந்தால் கிராமத்துப் பிள்ளை செருப்பைக் கழற்றலாமா என்று யோசிக்கும். கருவியும் வண்டியும் வேலை செய்யும் ஆளும் இருக்கும் இடத்தில் அந்த மிரட்சி போய்விடும். எங்கள் தீயணைப்பு நிலையத்தில் நான் கண்ணால் கண்டது இது. அந்த வண்டிகளில் பெரியவை பத்தாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் சுமந்துகொண்டு நாற்பது விநாடிக்குள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் பிடிக்க வேண்டும். அழைப்பு வந்தால் ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய் நிற்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஸ்டாப்வாட்சைப் பிள்ளைகள் கையில் கொடுத்து வண்டியை ஓட்டிக் காட்டினார் ஒரு நிலைய அதிகாரி. வீரர் ஒருவர் வெள்ளியுடுப்பு மாட்டும் நேரத்தையும் அவர்களையே குறிக்கச் சொன்னார். திரும்பும்போது ஒரு பையன் என்னிடம், "பிளேனுக்கு ஹாரன் இருக்கா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் இருக்கிறது. ஏர்பஸ் 320 வகையில் முன் சக்கரம் மடங்கும் பள்ளத்துக்குள் ஒரு ஹாரன் வைத்திருக்கிறார்கள். விமானி அறையில் இருப்பவர் கீழே நிற்கும் மெக்கானிக்கைக் கூப்பிட அதை அடிப்பார்.

இதையெல்லாம் பார்த்து வைப்பது ஊருக்கு எப்படி உதவும் என்பதற்கு ஓர் உதாரணம். 2024 அக்டோபர் 11 அன்று மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 140க்கும் மேற்பட்ட பயணிகளோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது வானில் வட்டமடித்தது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். தொலைக்காட்சிகள் அன்று கூட்டிய பீதி கொஞ்சநஞ்சமல்ல. எரிபொருளை வானிலிருந்து கொட்டுகிறார்கள் என்றுகூட ஓட்டினார்கள். அந்த போயிங் 737 ரகத்தில் எரிபொருளைக் கொட்டும் வசதியே கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும், எடை குறைந்தால்தான் பத்திரமாக இறங்கலாம், அதற்காகத்தான் சுற்றல். கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையாகத் தயார். எட்டு மணிக்கு மேல் சத்தமில்லாமல் இறங்கியது, ஒருவருக்கும் கீறல் இல்லை. அன்று தெருவில் நின்றவர்களில், தீயணைப்பு நிலையத்தையும் ஓடுபாதையையும் பார்த்து வந்த பள்ளிப்பிள்ளை ஊருக்கு ஒன்று இருந்திருந்தால், அந்த வீட்டிலாவது பெரியவர்கள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அதனிடம் கேட்டிருப்பார்கள்.

அடுத்தது வேலை. "என்ன ஆகப் போறே?" என்றால் விமானி, விமானப் பணிப்பெண் என்ற இரண்டு பதில்தான் வரும். வேறு வேலை அங்கே இருப்பதை அவர்கள் பார்த்ததே இல்லை. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு அரைக்கோடி ரூபாய் அளவுக்குச் செலவு. கம்பி கட்டும் மாமாவின் வீட்டில் அந்தப் பணம் கிடையாது, வங்கியும் லேசில் கொடுக்காது. ஆனால் அந்த விமானியிடம் 'இறங்கு' 'காத்திரு' என்று சொல்லும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஆவதற்கு, இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டமோ பொறியியல் பட்டமோ போதும். அரசுக் கலைக்கல்லூரியில் கிடைக்கும் பட்டம்தான். இந்திய விமான நிலைய ஆணையம் தேர்வு வைத்து எடுத்து, சம்பளமும் கொடுத்து, பயிற்சியும் கொடுக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கும் அதே பட்டம்தான் வழி. வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு இயற்பியல் பட்டம் வைத்திருந்தால் பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுதலாம். தீயணைப்புப் பிரிவுக்குப் பிளஸ் டூவும் ஓட்டுநர் உரிமமும் உடற்தகுதியும் கேட்கிறார்கள். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தபோது, படித்தால் வாத்தியார் ஆகலாம் என்பதைத் தவிர வேறெதுவும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதை, பிளஸ் ஒன்னில் இயற்பியல் பிரிவைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் தெரிகிறது. பிள்ளைகள் அந்த வேலையைச் செய்யும் ஆளை, முடிந்தால் தங்கள் ஊர்ப் பேச்சுப் பேசும் ஆளை, ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே நேரில் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பார்த்தால் தாமதம்.

பிள்ளைகளை உள்ளே விடாததற்குக் காரணம் பாதுகாப்பு என்பார்கள். அதை நான் லேசாகப் பேச மாட்டேன். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்டோர் பலியானதை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. 1999 டிசம்பரில் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட விமானத்துக்குப் பிறகுதான் விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மத்திய தொழிற் பாதுகாப்புப் படையிடம் போயின. அதற்கு முன் பார்வையாளர் மாடத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு விமானம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தைத் திருப்பிக் கேட்பது பைத்தியக்காரத்தனம். ஆனால் பட்டியல் கொடுத்து, சோதனைக்கு உட்பட்டு, காவலர் துணையோடு, வேலியோரமாக ஒரு பேருந்தில் போய் வரும் நாற்பது பிள்ளைகளால் என்ன ஆபத்து வந்துவிடும்? ஸ்ரீஹரிகோட்டாவைவிடவா நம் உள்ளூர் விமான நிலையம் ரகசியமான இடம்? அங்கே ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் பார்க்க ஐயாயிரம் பேர் உட்காரும் மாடத்தை 2019இல் இஸ்ரோ திறந்துவிட்டது. இணையத்தில் பதிவு செய்துவிட்டுப் போகலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகள் வேன் வேனாகப் போய் வருகின்றன. எங்கள் துறைக்கும் மார்ச் 23, உலக வானிலை நாளன்று சென்னை நுங்கம்பாக்கம் அலுவலகத்தை மாணவர்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. டோக்கியோவின் ஹனேடாவில் இரண்டு பெரிய விமானக் கம்பெனிகளும் பள்ளிப்பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் மாட்டி, பழுது பார்க்கும் கொட்டகைக்குள்ளேயே கூட்டிப் போய்க் காட்டுகின்றன. ராக்கெட்டுக்கு முடிந்தது சின்ன ஏடிஆர் விமானத்துக்கு முடியாதா?

நான் வேலை பார்த்த காலத்தில் கவனித்த இன்னொன்று. அனுமதி கேட்டு வரும் பள்ளிகளில் பெரும்பாலானவை சொந்தப் பேருந்து உள்ள, நகரத்து, ஆங்கிலவழிப் பள்ளிகள். யாராவது ஒரு மாணவனின் தகப்பனார் நிலையத்தில் அதிகாரியாக இருப்பார். ஓடுபாதைச் சுவருக்கு வெளியே, விமானச் சத்தத்தில் ஆசிரியர் பாடத்தை நிறுத்தி நிறுத்தி நடத்தும் அரசுப் பள்ளியிலிருந்து கடிதம் வந்ததாக எனக்கு நினைவில்லை. அவர்களுக்கு யாருக்கு எழுதுவது என்றே தெரியாது. அந்தப் பள்ளிகளோடு விமான நிலையத்துக்கு உள்ள உறவெல்லாம் இரண்டு வகை. நிலம் எடுக்க வரும்போது ஒன்று, குப்பையில் இறைச்சிக் கழிவைக் கொட்டாதீர்கள், பருந்து வருகிறது என்று எச்சரிக்க வரும்போது மற்றொன்று. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் பிராணிகளை வெட்டிக் கழிவைப் போடக்கூடாது என்பது சட்டம். சட்டத்தைச் சொல்ல ஊருக்குள் வருகிறவர்கள், பருந்து எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்று காட்ட ஊர்ப்பிள்ளைகளை ஒருநாள் உள்ளே கூப்பிட்டிருக்கலாம். நோட்டீஸ் அச்சடிக்கும் செலவுகூட மிச்சம். போகியன்று டயர் கொளுத்தாதே, புகை பார்வையை மறைக்கும் என்பதற்கும் இதேதான். தரை கண்ணுக்குத் தெரியாமல் கருவியின் துணையோடு இறங்கும் சாதாரண முறைக்குக்கூட ஓடுபாதையில் 550 மீட்டராவது பார்வைத் தூரம் வேண்டும். அந்தத் தூரத்தை அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை டயரைக் கொளுத்தும் அண்ணனிடம் பேசும் பேச்சு வேறாக இருக்கும்.

சென்னையில் உள்நாட்டு முனையத்துக்குக் காமராஜர் பெயர். ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்தவர் பெயர் வைத்த இடத்துக்குள் ஊராட்சிப் பள்ளிப்பிள்ளை வருவதற்கென்று மாதத்தில் ஒரு நாள்கூட ஒதுக்கி வைக்கவில்லை என்றால், அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சொந்தப் பணத்தில் மாணவர்களை விமானத்தில் ஏற்றிச் சென்னைக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்களைப் பற்றியும் அவ்வப்போது செய்தி வருகிறது. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, சம்பளத்தில் எடுத்துச் செய்கிறார்கள். ஆனாலும் அந்தப் பயணம் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கும் முழு வருகை வைத்தவருக்கும் கிடைக்கும் பரிசாகவே முடிந்துவிடுகிறது. ஐந்து பேர் போவார்கள், மீதிப் பேர் வழியனுப்பக் கையசைப்பார்கள். பட்டம் பற்றிச் சொன்ன பையனை அவன் ஆசிரியை எனக்குத் தனியாக அறிமுகப்படுத்தினார். கணக்கில் எப்போதும் தோற்கிறவனாம். பரிசுப் பட்டியலில் அவன் பெயர் வரவே வராது. ஓர் ஆளுக்கு விமானக் கட்டணம் கொடுக்கும் காசில் ஒரு வகுப்பையே பேருந்து பிடித்து நிலையத்துக்குக் கூட்டிப் போய்விடலாம்.

செய்வதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். சேலம் காமலாபுரம், தூத்துக்குடி வாகைக்குளம் போன்ற சிறிய நிலையங்களில் விமானங்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி கிடைக்கிறது. அங்கேயே தொடங்கலாம். மாதத்தில் ஒரு வேலைநாளை நிலைய இயக்குநரும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரும் சேர்ந்து குறிக்கட்டும். அருகில் உள்ள அரசுப் பள்ளிகளுக்கு முதல் இடம், எழுதிக் கேட்கும் வரை காத்திராமல் நிலையமே கூப்பிடட்டும். முனையத்துக்குள் கால்மணி போதும். மீதி நேரம் தீயணைப்பு நிலையம், வானிலை அலுவலகம், பறவை விரட்டும் ஆட்கள், பெட்டி ஏற்றுகிறவர்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்ற முடியாது, ஏற்றவும் வேண்டாம், அங்கே வேலை கெடும். பணி முடிந்து இறங்கும் அதிகாரி ஒருவர் கீழே வந்து அரைமணி பேசினால் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நிலையங்களில் பார்வையாளர் அனுமதியை நிறுத்திவிடுவார்கள், ஜனவரியும் ஆகஸ்டும் வேண்டாம். ஜூன், ஜூலையில் நிலைய இயக்குநருக்கு எழுதுங்கள். 'விமான நிலையம் பார்க்க' என்று பொதுவாக எழுதாமல், எந்தெந்தப் பிரிவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காததை யாரும் காட்ட மாட்டார்கள்.

நிலையத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. எந்தப் பள்ளி வந்தாலும் ஒரு பிள்ளையாவது "உங்களுக்கு எவ்வளவு சார் சம்பளம்?" என்று கேட்கும். ஆசிரியர் அதட்டுவார், அதிகாரி சிரித்து மழுப்புவார். மழுப்ப வேண்டாம். கட்டுப்பாட்டு அதிகாரியாகச் சேருகிறவரின் சம்பள விகிதம் 40,000 ரூபாயில் தொடங்கி 1,40,000 வரை என்று விமான நிலைய ஆணையத்தின் அறிவிப்பிலேயே அச்சடித்திருக்கிறது. அதைச் சொல்லுங்கள். என்ன படித்தீர்கள், எந்த ஊர்க் கல்லூரி, எத்தனை தடவை தேர்வு எழுதினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.